வெளியே அனுப்பப்பட்ட பெண்கள்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டம். கூட்டம் கலையாமல் இருக்க நகைச்சுவையாகப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது; மலிவாகக் கிடைத்தவன் நான். நாலு புத்தகம் படித்த திமிரில், தடுப்பூசியை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டிருப்பதையும், அந்தக் கிருமி ஓயாமல் உருமாறி அவர்களை ஏய்ப்பதையும் சொன்னேன். கைதட்டினார்கள்.

அடுத்து ஆணுறைப் பெட்டியைத் திறந்ததும் தோட்டத்து சூப்பர்வைசர் எழுந்தார். "பொம்பளையாளுகள்லாம் வெளிய போங்கத்தா. இது ஆம்பளைக சமாச்சாரம்."

காய் எடுக்கும் பெண்கள் எழுந்து போனார்கள். ஒருத்தி மட்டும் அசையவில்லை.

"நான் போகமாட்டேண்ணே. எம் புருசன் லோடு லாரியில ஊர் ஊராப் போறவரு. டெஸ்ட் எடுங்கன்னா அடிக்க வர்றாரு. நாளைக்கு வீட்டுக்கு வர்றாரு. எனக்குத் தெரிய வேணாமா?"

"புருசன் மானத்த வாங்கத்தான் வந்துருக்கா மாப்ளே!" என்றான் ஒருவன். ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு வெளியே போனேன். நான் வந்த ஜீப் பக்கம் நின்ற பெண்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கையில் ஆணுறைகளைக் கொடுத்து, "கண்டிப்பாப் போடச் சொல்லும்மா" என்றேன்.

"அவரு மாட்டேன்னா?"



தடுப்பூசி என்று ஒன்று இருந்தால், அதைப் போட்டுக்கொள்ள அவள் எவனையும் கெஞ்ச வேண்டியதில்லை. அது வரும்வரை அவள் உயிர், அவன் மனசு வைத்தால்தான். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.