பச்சையம்மா பெயருக்கு ஒரு தபால்

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய நண்பர் ராணுவத்தில் மேஜர். நண்பரின் மனைவி டாக்டர். கவர் மேல் எப்படி எழுதுவது?

"மேஜர் அண்டு ஃபேமிலின்னு போட்டுடலாமா?" என்றார்.

போடலாம்... அந்த அம்மாள் என்ன, மேஜரின் பெட்டி படுக்கையா? ரேங்க் முதலில், பெயர் பிறகு. அடுத்த வரியில் டாக்டர் என்று போட்டு, அவருடைய சொந்தப் பெயர். கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். மனிதர் முழித்தார்.

எனக்கு ஏன் இத்தனை கோபம்? கேளுங்கள்.

எழுபதுகளில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் டீச்சராக இருந்தேன். அங்கே பச்சையம்மா என்று ஒரு பெண். புதிதாகக் கல்யாணமானவள். கணவன் கோவிந்தன் பட்டாளத்தில் சிப்பாய். எழுதப் படிக்கத் தெரியாததால், இன்லேண்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவாள். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் ராணுவத் தபால் எண் — அவ்வளவுதான் விலாசம்.

"ஊர் பேரே போடல, எப்டிங்க போய்ச் சேரும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

போய்ச் சேர்ந்தது. பதிலும் வந்தது — மாமனார் பெயருக்கு! உள்ளே அவளுக்குத்தான் எழுதியிருப்பான். ஆனால் பெரியவர் இருக்கும் வீட்டில் மருமகள் பெயரைக் கவர் மேல் எழுதுவது மரியாதை இல்லையாம்.

ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "டீச்சர், ஒரே ஒரு வாட்டி என் பேரு போட்டு அனுப்பச் சொல்லி எழுதுங்க. போஸ்ட்மேன் என் பேரச் சொல்லிக் கூப்புடணும்."

எழுதினேன். 'அப்பா இருக்கும்போது உன் பேரைப் போட்டால் ஊரே சிரிக்கும். லீவில் வந்து நானே கூப்பிடுகிறேன்' என்று பதில் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஐப்பசியில் பேய் மழை. மழை விட்ட ஒரு நாள், போஸ்ட்மேன் தெருவுக்கே கேட்கும்படி கூவினார். "பச்சம்மா! உன் பேருக்கே வந்துக்கீது, வாம்மா!" அவள் ஆசை அவருக்கும் தெரியும்.

கொல்லையிலிருந்து ஓடி வந்து வாங்கிக்கொண்டு, நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். டைப் அடித்த நீளக் கவர். "என் பேரு எங்க இருக்குது டீச்சர்?" என்றாள். ஸ்ரீமதி பச்சையம்மாள் என்று இங்கிலீஷில் இருந்த இடத்தைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

பிரித்தேன். கோவிந்தனின் ஆபீசர் எழுதியிருந்தார். பனிச்சரிவில் போய்விட்டான். முன்னமே வந்திருக்க வேண்டிய தந்தி, மழையில் கம்பி அறுந்ததால் எங்கோ நின்றுவிட்டது.

"இன்னா எழுதிக்கிறாரு? படிங்க டீச்சர்..."

சிரித்த முகம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னேன். சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

அதன் பிறகு பென்ஷன், சர்ட்டிபிகேட் என்று தபால் வந்தபடியே இருந்தது. எல்லாம் அவள் பெயருக்கே. ராணுவத்தின் மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போஸ்ட்மேன்தான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். வாசலில் நின்று செருமுவார்.

ஒருநாள் வந்தாள். "எல்லாம் மாமனாரு பேருக்கே போடச் சொல்லி எழுதிடுங்க டீச்சர். என் பேரு இனிமே யாரும் எழுத வேணாம்."

பட்டாளத்துப் பிள்ளைகளே, ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்... அடுத்த கடிதத்தில் கவர் மேல் உங்கள் மனைவியின் பெயரை எழுதுங்கள்.