பறிமுதல் வலைகள்

சினை மீன் ஆற்றில் ஏறும் மாதங்களில் குஞ்சும் தப்பாத பொடிக்கண் வலையை யார் வீசினாலும் மீன்வளக் காவலர் பிடுங்கிவிடுவார். கூடப்பிறந்த தம்பி என்றும் பார்த்ததில்லை. பிடுங்கியதெல்லாம் அலுவலகத்துக்குப் பின்னால் மலையாகக் குவிந்தது. எரித்துவிடலாம் என்று அதிகாரியிடம் நடையாய் நடந்தார்.

"கேஸ் முடியாம தொடக் கூடாதுய்யா" என்றார் அதிகாரி.

சட்டம் சும்மா இருக்கும், ஆறு இருக்குமா? போன வாரம் வெள்ளம் அந்தக் குவியலை வாரிக்கொண்டு போனது. இன்று அத்தனை வலைகளும் ஆற்று வளைவில் சிக்கிக் கிடந்தன. உள்ளே வயிறு பருத்த சினை மீன்கள், ஒன்றுக்கும் உயிரில்லை.

கரையில் நின்ற தம்பி மெல்லச் சொன்னான். "இதுல என் வலையும் கெடக்குண்ணே. இதுக்கும் என் மேல கேஸ் போடுவியா?"

காவலர் வழக்குப் படிவத்தை எடுத்தார். குற்றவாளி என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார்.