அந்தோனியாருக்கு விட்ட சொல்

என் அக்காவின் புருசன் யாக்கோப்பு அத்தானுக்கு இங்கிலீசு படிப்பித்தேனே, அந்தத் தண்டனை என் எதிரிக்கும் வரக்கூடாது. நாரந்தனைக் கரையில் மீனைப் பங்கு பிரிக்கிறவர் அவர்தான். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. அவர் பிரித்தால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாரியில் வள்ளம் கவிழ்ந்து எங்கள் அண்ணை சவிரிமுத்து போய்விட்டார். கூடப் போன அத்தான் மட்டும் ஒரு துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். அன்றிலிருந்து என் அக்கா மரியநாயகிக்கு ஒரே பிடிவாதம். இந்த மனிசனைக் கடலிலிருந்து எடுத்துவிடவேண்டும். அவர் வள்ளத்தில் போகிற நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனிக்கு ஆள் எடுப்பதாகக் கதை வந்தது. ஸ்ரோருக்கு வருகிற சீனி, மா மூட்டைகளைக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை. அதற்கு இங்கிலீசில் சோதனை வேறு. வசனத்திலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று எழுதவேண்டுமாம். சீனி மூட்டைக்கும் வினைச்சொல்லுக்கும் என்ன உறவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கன்னியர் மடத்தில் படித்த பாவத்துக்கு அது என் தலையில் விழுந்தது.

புத்தகத்தைத் திறந்தாலே அத்தானுக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில் சொற்களை மட்டைத் துண்டுகளில் எழுதி, சாக்கை விரித்துக் கொட்டினேன். மனிசன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப விளங்குது, மேரிறோஸ். பேருள்ளதெல்லாம் ஒரு குவியல். துடிக்கிறதெல்லாம் ஒரு குவியல். இந்த 'எ', 'த' எண்ட சின்னச் சொல்லெல்லாம் கூனி இறால்."

கை பறந்தது. ஒரு பிழை இல்லை! எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. பிறகு பார்த்தால், நல்ல பெயர்ச்சொல் ஒன்று சாக்குக்கு வெளியே தனியாகக் கிடக்கிறது.

"இதென்ன அத்தான்?"

"அது அந்தோனியாற்ற பங்கு."

கடலில் கிடந்தபோது நேர்ந்தாராம், என் கையால் எதைப் பிரித்தாலும் முதற்பங்கு உமக்கு என்று. மீனில் கொடுத்தார், யார் வேண்டாமென்றது? இப்போது வசனத்துக்கு ஒரு சொல், அதுவும் இருப்பதில் நல்ல சொல், அந்தோனியாருக்குப் போனது.

"அந்தோனியாருக்கு ஏன் இங்கிலீசு?" என்று கத்தினேன்.

"அவர் வெளிநாட்டுக்காரர்தானே," என்றார்.

அக்கா அவரை அந்தோனியார் கோயில் சுவாமியிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். சுவாமி நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார்.

"யாக்கோப்பு, வசனத்துக்குக் கடைசியில ஒரு புள்ளி வருமெல்லோ? அதை அந்தோனியாருக்கு விடும். சொல்லெல்லாத்தையும் நீர் எழுதும்."

அத்தானின் முகம் சிவந்தது. "சுவாமி, கழிவையோ நேர்த்திக்கடனுக்குக் குடுக்கிறது?"

சுவாமி சிலுவை போட்டு எங்களை அனுப்பிவிட்டார். அக்கா மட்டும் வழியெல்லாம் அத்தானின் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டு வந்தாள். "ஒருக்கா, இந்த ஒருக்கா மட்டும் முழுசா எழுதுங்கோவன்." அவர் கையை உருவிக்கொண்டு முன்னால் நடந்தார். அப்படியொரு கல்லுளிமங்கன்.

சோதனையில் நடந்ததை அவரே வந்து சொன்னார். மனேச்சர் சிவசிதம்பரம் தாளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

"எழுதினதெல்லாம் சரி. வேலை உமக்குத்தான். ஆனா வசனத்துக்கு ஒரு சொல்லை ஏன் காணும் விட்டனீர்?"

"அது அந்தோனியாற்ற பங்கு, ஐயா. நான் எதைப் பிரிச்சாலும் முதற்பங்கு அவருக்கு."

மனேச்சர் பேனையைக் கீழே வைத்தாராம். "அப்ப என்ர சீனியிலயும்?"

இல்லை ஐயா என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாமே! சொன்னாரா?

"ஓம் ஐயா. சீனியிலயும்தான்."

வேலை போன கதையைச் சொல்லிவிட்டு அத்தான் குசினியில் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்குச் சோற்றுக் கோப்பையைப் பறித்திருப்பேன். அக்காவோ முந்தானையால் தலையை மூடிக்கொண்டு விறுவிறென்று கோயிலுக்கு நடந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, பின்னால் ஓடினேன். உள்ளே போனவள் முழந்தாளிடவில்லை, மெழுகுதிரி கொளுத்தவில்லை. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட அண்ணையைக் கடலுக்கு விட்டிட்டீர். நான் வந்து ஏனெண்டு கேட்டனானோ? இப்ப உம்மாலதான் இந்த மனிசன்ர கரை வேலையும் போனது. நாளைக்கு விடிய அவர் திரும்பவும் வள்ளத்தில ஏறுவார். மீனில எடும், சீனியில எடும், இங்கிலீசிலயும் எடும், எனக்கொண்டுமில்லை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டப் போனாள்.

"ஆனா அந்த மனிசனில உமக்குப் பங்கில்லை. எனக்கு முழுசா வேணும்."