மலையில் வைத்த கத்தரி விதை

எங்கள் ஊர் வெயிலை விதை தாங்காது. சித்தூர் பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் ஒரு கோடை கழிந்தாலே கத்தரி விதையில் பாதி செத்துவிடும். அதனால் கொஞ்சம் விதையைத் திருமலையில் ஓட்டல் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டில் வைத்திருப்போம். மலைக் குளிரில் வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். ஏழுமலையான் நமக்கு ஃபிரிட்ஜும் கொடுத்திருக்கிறார் என்பார் என் வீட்டுக்காரர்.

போன தடவை வீட்டு விதையைத் தூவினேன். நாற்றங்காலில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கடையில் வேறு விதை கிடைக்கும், எங்கள் முள்ளுக்கத்தரி கிடைக்காது. மலையில் இருப்பதுதான் கடைசி. பஸ் பிடித்து ஏறினேன்.

தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்த சந்தோஷத்தில், மூட்டையைக் கேட்டதுமே சாமி அலமாரியைத் திறந்தாள். பூவும் குங்குமமும் வைத்து உள்ளே என் விதை மூட்டை! பூச்சி வராமலிருக்க மஞ்சளில் நனைத்த துணியில் கட்டியிருந்தேன். வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்பதும் அதே மஞ்சள் துணியில்தான். என் தம்பி மகராசன் "பத்திரமா வை" என்பதோடு வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

"வேண்டுதல் முடிச்சுன்னு நெனச்சிக்கினேன் அண்ணி. காலைல சாயங்காலம் பக்கத்துலயே வெளக்கு ஏத்திக்கினு இருக்கறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "குளுர்ல இருக்கட்டும்னு மலைக்கு அனுப்புனா, வெளக்குச் சூட்டுல வாட்டிக்கினு இருந்தியா? இனிமே இந்த வெதைக்கு நான் எங்கடி போவேன்?"

அவள் கண் கலங்கியது. நான் மூட்டையை எடுத்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் கீழே இறங்கிவிட்டேன்.

விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். தினமும் பிரித்துப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தேன். ஒரு காலை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடிவந்தார். உடனே மலைக்குப் போன் போட்டேன்.

"மொளச்சிடுச்சிடி!"

அந்தப் பக்கம் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

முதல் காய் பறிக்கிற அன்று தம்பியும் அவளும் வந்தார்கள். அவள் முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன். வரப்பில் ஏறும்போது காற்றில் முந்தானை நழுவியது. இடுப்புவரை தொங்கிய முடி, கல்யாணத்தில் நாங்கள் எல்லோரும் கண் வைத்த முடி, காணவில்லை. குச்சி குச்சியாகக் கொஞ்சம்தான் வளர்ந்திருந்தது.

"நீங்க கோச்சிக்கினு போனீங்களே, அன்னிக்கே வேண்டிக்கினேன் அண்ணி. வெத மொளச்சா முடி குடுக்கறேன்னு."

பறித்த காய்களையெல்லாம் அப்படியே அவள் மடியில் கொட்டினேன்.

"மெதுவா அண்ணி, முள்ளு குத்துது!" என்று சிரித்தாள்.