மூன்றாம் வளைவில் எரிந்த விளக்கு

வண்டிச் சீட்டைக் கழற்றி, மனைவியின் ஆஸ்பத்திரி ஃபைலைப் பாலிதீன் பையோடு அடியில் திணித்து, மறுபடி மாட்டிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுகிறார் சின்னராஜ். முதல் தட்டு சீட்டு சரியாக உட்கார. இரண்டாவது தட்டுக்கு, வந்து உட்காரு நீலாவதி என்று பொருள். விடிகாலையில் மலைப்பனி மழையாகவே பெய்யும். "சட்ட நனைஞ்சா காயும். ரிப்போர்ட்டு நனைஞ்சா அவ்ளோதான்" என்பது அவர் கட்சி.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி. சாமை விதைப்பார்; பருவத்தில் புளி உலுக்குவார். இரண்டு வருடமாகத் திங்களும் வியாழனும் நிலத்துக்கு அவர் ஆளில்லை. நீலாவதியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. காலை ஏழு மணிக்குள் கீழே ஆஸ்பத்திரியில் படுத்து, நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் அவளுக்கு அடுத்த மூன்று நாள். பஸ் மலைக்கு வரவே ஒன்பதாகும். ஜீப்காரர்களோ ஆள் நிறையாமல் அசையமாட்டார்கள். ஆகவே மோட்டார் சைக்கிள்தான்.

நீலாவதிக்குத் தண்ணீர் அளவோடுதான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், குழம்பும் சேர்த்து. அதனால் சின்னராஜ் வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். தாகமெடுத்தால் கொல்லைக்குப் போய், மாட்டுத் தொட்டியருகே திரும்பி நின்று குடித்துவிட்டு, வாயைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வருவார். அவளுக்கு இது தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுவாள்.

சகுனம் பார்க்காமல் அவர் காடேறியதில்லை. கௌளி, அதாவது பல்லி, நல்ல திசையில் சொல்லவேண்டும், காட்டுப்பூனை குறுக்கே போகக்கூடாது. ஒருமுறை பாதையில் பாம்பு கடந்ததென்று முழுநாள் வேலையை விட்டுத் திரும்பியவர். வண்டி மூன்று வருடத்துப் பழசு. மீட்டரின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. கிளம்புமுன் அதைத் துடைத்துவிட்டு, "இன்னாடா, போலாமா?" என்று கேட்பார். வண்டியும் இத்தனை நாளாக மறுத்ததில்லை.

சாமை அறுப்பு முடிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை அது மறுத்தது. மூன்றாம் வளைவில் தார் பெயர்ந்து குழி விழுந்த இடத்தில் வண்டி தூக்கிப்போட்டதும், மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மனைவியை இறக்கிவிட்டு, ஃபைலை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்து கிளப்பினால், விளக்கைக் காணோம். திரும்பி வரும்போதும் எரியவில்லை. வெயில் ஏறியிருந்ததால் ஃபைல் மாத்திரைகளோடு துணிப்பையில் நீலாவதியின் மடியில் இருந்தது.

வியாழக்கிழமை, அதே வளைவில் அதே விளக்கு. நீலாவதி இயந்திரத்தில் படுத்திருந்த நான்கு மணி நேரத்தில் அவர் அடிவாரத்து மெக்கானிக் கலையரசனிடம் வண்டியைக் கொண்டுபோனார். அவன் தனியாக ஓட்டிப் பார்த்தான், விளக்கு எரியவில்லை. மலையில் பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலின்மேல் பழியைப் போட்டு டேங்கைக் காலி செய்தான். அடுத்த முறை எலி கடித்திருக்கும் என்று முன்பக்க ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்தான். அதற்கடுத்து ஒரு சென்சாரை மாற்றினான். ஷோரூமில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தவர்கள், பழைய கோளாறு ஒன்று பதிவாகியிருப்பதாகச் சொல்லி அதை அழித்துக் கொடுத்தார்கள்.

"என் கைக்கு வந்தா மட்டும் யோக்கியனா ஓடுது ண்ணா. நான் எதப் பாத்து ரிப்பேர் பண்றது?" என்று அலுத்துக்கொண்டான் கலையரசன்.

கணக்குப் போட்டவள் நீலாவதி. "கவனிச்சீங்களா? போவும்போதுதான் எரியுது. வரும்போது எரியல. என்னிய கூட்டிகினு போவ வேணாம்னு சொல்லுது" என்றாள்.

"வண்டிக்கு இன்னா தெரியும்? வாய மூடு" என்று அதட்டினார். அதட்டிவிட்டு, போய் மீட்டரை இன்னொருமுறை உற்றுப் பார்த்தார். கௌளிக்குத் தெரிவது வண்டிக்குத் தெரியாதா என்ன?

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் வளைவில் விளக்கு எரிந்ததும் அவரே வண்டியை நிறுத்தினார். இரண்டு பக்கமும் காடு, போனில் டவர் கிடையாது. பாதியில் வண்டி நின்றால், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவளை என்ன செய்வது? யோசித்து யோசித்து, வீட்டுக்கே திருப்பினார். வியாழக்கிழமை அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விளக்கைப் பார்த்ததும் நீலாவதியே அவர் தோளைத் தொட்டாள். "போதுங்க. வூட்டுக்குப் போலாம்." அந்தக் குரலில் பயம் இல்லை, ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் திருப்பினார்.

சனிக்கிழமை காலை அவளால் படுக்க முடியவில்லை. முகமும் காலும் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அல்லாடினாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. கூடப் போனது அவள் தங்கை. அவசரத்தில் ஃபைலை மறந்துவிட்டார்கள். வண்டியில் பின்னாலேயே கிளம்பிய சின்னராஜ் பழக்கதோஷத்தில் அதைச் சீட்டுக்கடியில் வைத்தார். இரண்டாவது தட்டுத் தட்டக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாம் வளைவில் வண்டி குழியில் இறங்கி ஏறியது. விளக்கு எரியவில்லை. அவள் இல்லாததால் எரியவில்லை. அப்படியானால் அவள் சொன்னது நிஜம். மீதி வளைவுகளை அழுதுகொண்டேதான் இறங்கினார்.

அடிவாரத்தில் கடை திறந்துகொண்டிருந்த கலையரசன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டதும், "தனியாப் போவாத ண்ணா, நானும் வர்றேன்" என்று ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். நூறடி தள்ளி ஒரு வேகத்தடை. வண்டி அதில் ஏறி இறங்கியதும் மீட்டரில் மஞ்சள் எரிந்தது.

"ண்ணா, நிறுத்து!"

கலையரசன் இறங்கினான். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினான், விளக்கு இல்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினான், எரிந்தது. சீட்டைக் கழற்றினான். இரண்டு வருட ரிப்போர்ட்டுகளால் உப்பிப்போன ஃபைல், ஒயர் சாக்கெட் ஒன்றின்மேல் படிந்து கிடந்தது.

"இன்னா ண்ணா இது?"

"அவ ஃபைலு. பனியில நனையாம இருக்க..."

"என்கிட்ட வர்றப்ப இது இருந்ததே இல்லியே?"

"ஆஸ்பத்திரியில குடுத்துட்டுதான உன்கிட்ட வருவேன்."

கலையரசன் தலையில் அடித்துக்கொண்டான். பின்னால் ஆள் உட்கார்ந்து குழியில் வண்டி குதித்தால், சீட்டு ஃபைலை அழுத்தும். ஃபைல் சாக்கெட்டை அழுத்தும். ஒரு ஒயர் விட்டு விட்டுச் சேரும். அவ்வளவுதான் கோளாறு. "இந்த ஒயருக்கெல்லாம் வண்டி நிக்காது ண்ணா. எரிஞ்சாலும் கீழ வரைக்கும் தாராளமா வந்திருக்கலாம்" என்று வாய்தவறிச் சொன்னவன், சொல்லியிருக்கக் கூடாதென்று உடனே புரிந்து, சீட்டை மாட்டுவதில் மும்முரமானான். சின்னராஜ் ஃபைலை வாங்கிப் பார்த்தார். பின்னட்டையில் சாக்கெட் அழுந்தி, சதுரமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஃபைலைச் சட்டைக்குள் விட்டுப் பட்டன் போட்டுக்கொண்டார்.

மாலையில்தான் வார்டுக்குள் விட்டார்கள். இயந்திரம் நீரை இறக்கியிருந்தது. வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. இரண்டு முறை தவறியதில் இதயம் களைத்திருப்பதாகவும், இனி ஒன்றுகூடத் தவறக்கூடாதென்றும் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நீலாவதி ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"வண்டியிலயா வந்தீங்க? லைட்டு எரிஞ்சிதா?"

"வளைவுல எரியல."

"நான்தான் குந்தலியே. எப்பிடி எரியும்?"

"இனிமே நீ குந்தினாலும் எரியாது. கலையரசன் சரி பண்ணிட்டான்."

அவள் மாஸ்க்கை மூக்கில் வைத்து இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி விலக்கினாள். "எரியாட்டி வர்றேன். எரிஞ்சிதுன்னா என்னிய வூட்லயே வுட்டுடுங்க. சண்ட போடக்கூடாது."

"எரியாது, நீலா."

"அவ்ளோ உறுதியா சொல்றீங்க. அப்பிடி இன்னா கோளாறாம் அதுக்கு?"

சின்னராஜ் சட்டைக்குள்ளிருந்து ஃபைலை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார். பின்னட்டை மேலே இருந்தது. சட்டென்று அதைப் புரட்டி, பள்ளம் விழுந்த பக்கத்தைக் கீழே போட்டு, மேலே தன் கையை வைத்து மூடிக்கொண்டார்.