வாய்தா உள்ள பிள்ளை

லிஃப்ட் கதவு மூடுகிற கடைசி நொடியில் ஒரு பூட்ஸ் கால் உள்ளே நுழையும். அதன் பின்னால் ஒரு கறுப்புக் கவுன், கவுனுக்குள்ளிருந்து ஒரு துண்டுச்சீட்டு. "சீனியர், ரெண்டே நிமிஷம். என் விசாரணை விஷயமா உங்க அபிப்பிராயம் ஒண்ணு வேணும்." உள்ளே மாட்டிக்கொண்ட மூத்த வக்கீல் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "போய்யா, போய் வேலையைப் பாரு" என்பார். அது போதும். மூன்றாவது மாடியில் இறங்கி நேராக என் மேசைக்கு வருவார் நம் ஆள். நான் நீதிமன்ற வராந்தாவில் தட்டச்சு செய்து பிழைப்பவன். "அடிங்க தம்பி" என்று ஆரம்பிப்பார். 'மேற்படி விசாரணை தொடர்பாக, பணியில் முழுக் கவனம் செலுத்துமாறு மூத்த வழக்கறிஞர் எனக்கு ஆலோசனை வழங்கினார்.' தேதி, நேரம், மாடி எண் எல்லாம் போட்டு அடித்துக் கொடுப்பேன்.

வளாகத்தில் இவருக்குப் பெயர் வாய்தா வக்கீல். வாய்தா வாங்காத வக்கீல் உண்டா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் வழக்குக்கு வாங்குவார்கள், இவர் வாழ்க்கைக்கே வாங்குகிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊர் சொன்னால், "வாய்தா உள்ள பிள்ளை பிழைக்கும்னு மாத்திக்கங்க" என்பார். சமையலறைக் குழாய் ஒழுகுவதாக மனைவி முறையிட்டபோது, "பதினெட்டாம் தேதி எடுத்துக்கலாம்மா" என்றார். மூன்று பதினெட்டுகள் போயின. நான்காவதன்று அந்த அம்மாள் எதிர்த்தரப்பு இல்லாமலே விசாரணையை முடித்துக் குழாய்க்காரரை வரவழைத்துவிட்டார்.

துண்டுச்சீட்டுக்குக் காரணம் ஒரு தையல்காரர். வளாகத்துக்கு எதிரே கடை வைத்து வக்கீல்களுக்குக் கவுன் தைத்தவர். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டட உரிமையாளர் வழக்குப் போட்டபோது, தெரிந்த முகமாயிற்றே என்று இவரைத்தான் அமர்த்தினார். முக்கியமான விசாரணை நாளன்று, "நீங்க எதுக்கு அலையறீங்க, நான் பாத்துக்கறேன்" என்ற வக்கீல், தானும் போகவில்லை. அந்த நேரத்தில் அதே உரிமையாளர் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருந்தார். விருந்தில் எடுத்த புகைப்படத்தில் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறார். கடை போயிற்று. தையல் மெஷின் தெருவில் நனைந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

தையல்காரர் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார். நிரூபணமானால் வக்கீலின் உரிமம் போய்விடும், அதை வைத்துத் தையல்காரர் தன் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். விசாரிக்க மூன்று வக்கீல்கள் கொண்ட குழுவும் போட்டார்கள். புகார் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது.

முதல் ஏழு மாதத்தை ஒரே ஓர் எழுத்தில் ஓட்டினார். குற்றச்சாட்டில் 'கட்சிக்காரரைக் கைவிட்டார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கட்சிக்காரரை கைவிட்டார்' என்று இருந்தது. "ஐயா, இதுல ஒரு 'க்' இல்லை. இல்லாத எழுத்துக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?" என்று எழுந்து நின்றுவிட்டார். ஒரு தமிழாசிரியரை வரவழைத்தார்கள். அவர் ஒற்று மிகும் இடங்களை ஒன்றுவிடாமல் விளக்கி முடிப்பதற்குள் குழுவில் இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள். தூங்கியவர்கள் விசாரிக்கலாமா என்று அடுத்த மனு.

அதற்கப்புறம் கண்டுபிடித்ததுதான் துண்டுச்சீட்டு. ஒரு விவகாரத்தில் ஆலோசனை சொன்னவர், அதே விவகாரத்தை விசாரிக்கக் கூடாது என்று கவுன்சில் விதி. அப்படியானால் ஊரிலுள்ள எல்லா வக்கீலிடமும் ஆலோசனை கேட்டுவிட்டால்? டீக்கடையில் கேட்டார். கழிப்பறை வரிசையில் கேட்டார். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்த ஒருவரிடம் கேட்டு, 'ம்ம்' என்றதைச் 'சம்மதம் தெரிவித்தார்' என்று என்னை அடிக்கச் சொன்னார். மூன்று பேர் குழு இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் நாற்காலிகள் மட்டும் மிஞ்சின. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த மீன் இவரிடம் ஆறு மாதம் பயிற்சிக்கு வரலாம்.

"அந்தக் கவுனே நான் தைச்சதுதான்" என்பார் தையல்காரர். "உள்பக்கம் ஒரு பாக்கெட் வேணும்னு கேட்டு வாங்கினாரு. எதுக்குன்னு அப்பத் தெரியலைங்க." சீட்டுகளை அந்தப் பாக்கெட்டில்தான் வைத்திருக்கிறார்.

நூற்று நாற்பது சீட்டுக்கு மேல் அடித்திருப்பேன். ஒரு பெயர் மட்டும் வரவே இல்லை. நம் வக்கீலிடமே ஆறு வருஷம் ஜூனியராக இருந்து, பிறகு தனியாகப் போன ஒரு வக்கீலம்மா. நானே ஒரு தடவை நினைவுபடுத்தினேன். சிரித்தார். "அந்தப் பொண்ணுகிட்டயா? யோசனையா? அவகிட்டக் கேக்கற நிலைமை வந்தா, அன்னைக்கே கவுனைக் கழட்டிடுவேன் தம்பி."

கடைசியில் கவுன்சில், விசாரிக்க ஒருவர் போதும் என்று விதியைத் திருத்தி, சீட்டில் பெயர் ஏறாத அந்த வக்கீலம்மாவையே நாற்காலியில் உட்கார வைத்தது.

போன வாரம் விசாரணை. குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தையல்காரர் பின்வரிசையில், விரலில் மாட்டிய தையல் உறையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார். நம் வக்கீல் தெம்பாகவே எழுந்தார். "இவங்க என் பழைய ஜூனியர். என்மேல பாசமோ பகையோ, ஏதாவது ஒண்ணு இருக்கும். விசாரிக்கக் கூடாது."

அந்த அம்மாள் ஒரு காகிதத்தை எடுத்தார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, அடித்தவன் நானல்லவா? அவர் விலகியபோது அனுபவச் சான்று கேட்டதற்கு இவர் கொடுத்த கடிதம் அது. அன்று என் விரல்கள் கூசின, ஆனாலும் அடித்தேன். 'இவர் என்னிடம் பணியாற்றியவர் அல்லர். அவ்வப்போது அலுவலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்.' கீழே கொட்டை எழுத்தில் கையெழுத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாய் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது, கெடுத்தது கைதான்.

"நான் உங்க ஜூனியரா சார்? இதுல அப்படி இல்லையே."

"அது... ஏதோ கோபத்துல..."

"அப்ப இது பொய்னு எழுதிக்கலாமா?"

பொய்க் கடிதம் என்று ஒப்புக்கொண்டால் அதுவே இன்னொரு புகார்.

"சரி, விடுங்க. இந்த விஷயமா என்கிட்ட எப்பவாவது யோசனை கேட்டிருக்கீங்களா சார்?"

"இல்லை" என்றார் வக்கீல்.

"அப்ப ஆரம்பிக்கலாம்" என்று அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். பின்வரிசையில் தையல்காரர் எழுந்து நின்றார்.

வக்கீல் கவுனின் உள்பாக்கெட்டுக்குள் கையை விட்டார். ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நின்றபடியே அந்த அம்மாளின் பெயரை எழுதினார். மேசையை நோக்கி நடந்து போய், கொஞ்சம் குனிந்து, "அம்மா... உங்க மேலான அபிப்பிராயம் ஒண்ணு..." என்று இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அந்த அம்மாள் நிமிரவில்லை, தேதியை எழுதிக்கொண்டிருந்தார். சீட்டு மின்விசிறிக் காற்றில் படபடத்தது. வக்கீல் நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.