நேர்ந்துவிட்ட கிடாவும் பூச்சி மருந்தும்

ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்தால் உள்ளே ஈரமாகவும் சிவப்பாகவும் இருக்க வேண்டும். அந்த ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் நான் இழுத்துப் பார்த்தபோது எங்கள் வெள்ளக்காதனின் இமைக்குள் ஊறவைத்த அவலைப் போல வெளுத்துக் கிடந்தது. தாடைக்குக் கீழே பை மாதிரி ஒரு வீக்கம். தொட்டால் தண்ணீர் கோத்ததுபோல் குழைந்தது.

ஆம்பூருக்கு வெளியே, குடியாத்தம் போகிற சாலையையொட்டி இருந்த எங்கள் தெருவில் ஆட்டுக்கு நோய் வருவது பெரிய விஷயமில்லை. ஆனால் வெள்ளக்காதன் மற்ற ஆடுகளைப் போல அல்ல. முந்தைய ஆண்டு நான் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு நல்ல கிடாவை எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கொடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பண்டிகையன்று பூசணிக்காய், கோழி, ஆடு என்று அவரவர் கொண்டுவருவதையெல்லாம் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். அதற்கென்று வளர்ந்த கிடா அது. ஐந்தாம் வகுப்புப் படித்த நான் என் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: அது எனக்குப் பதிலாகப் போகிற ஆடு, கொடுப்பதற்கு முன்னால் அது செத்துப்போனால் காய்ச்சல் என்னைத் தேடித் திரும்ப வரும். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பூச்சி மருந்து என்றால், கடையில் "ஆட்டுக்குப் பூச்சி மருந்து" என்று கேட்டதும் எடுத்து நீட்டுகிற வெள்ளை மருந்துதான். பெரிய ஆடு, குட்டி என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு மூடி, புட்டியில் கம்மியாக இருந்தால் அரை மூடி. அந்த முறையும் அதைத்தான் கொடுத்தோம், வீக்கம் துளியும் வடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? இத கறிக்கடைல தள்ளிட்டு வேற ஆடு குடேன்" என்றாள். நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இதுதான் வேண்டும், வேறு ஆடு கூடாது என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். ஆட்டின் மேல் பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிற வேலை அவளுக்கு. மறுநாள் "பர்மிஷன்" போட்டுவிட்டு, கிடாவை நான் இழுக்க, அதன் புழுக்கையைக் கவரில் கட்டி அவள் எடுத்துக்கொள்ள, மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "ரத்தம் குடிக்கிற புழும்மா. வருஷா வருஷம் ஒரே மருந்த, அதுவும் அர மூடி குடுத்தா, புழு சாவாது, பழகிப் போயிடும். இதுக்குன்னு வேற மருந்து எழுதறேன். ஆனா எடை பாத்துத்தான் குடுக்கணும். கம்மியா போனா வேல செய்யாது, ஜாஸ்தியா போனா கண்ணு போயிடும்" என்றார். மற்ற ஆடுகளுக்கும் கண்ணைப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் கொடுக்கச் சொன்னார். கடைசியாக, அடுத்த மாதம் பிறக்கிறவரை இந்தக் கிடாவை யாரும் வெட்டிச் சாப்பிடக் கூடாது, மருந்து கறியில் நிற்கும் என்றும் சொன்னார்.

"தப்புதான் சார். எல்லா காலுக்கும் ஒரே நம்பர் ஷூவா தைக்கிறோம்?" என்று அம்மா தன்னைத்தானே கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

எடை பார்க்கப் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். சாகக் கிடந்த கிடாவுக்குத் தராசுத் தட்டில் ஏறியதும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்று துள்ளியது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஏறி ஒருமுறை, தனியாக ஏறி ஒருமுறை என்று பார்த்துக் கழித்துக்கொண்டாள். ஆட்டின் எடையோடு அம்மாவின் எடையும் ஊருக்குத் தெரிந்துபோனது. "பூச்சி மருந்து ஆட்டுக்குத்தானே அக்கா, உனக்கு வேணாமே?" என்று கடைக்காரர் கேலி செய்ய, அம்மா அவரை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் எழுதிய மருந்தை ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளவாக எடுத்து, கடைவாய் ஓரமாக நுழைத்து, மெல்ல மெல்ல விட்டாள். "தலைய ரொம்ப தூக்காதடி, நுரையீரலுக்குப் போயிடும்" என்று என்னை அதட்டிக்கொண்டே இருந்தாள். கிடா ஒருமுறை இருமியது. அது அசைபோட ஆரம்பிக்கும்வரை நான் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பள்ளிக்குப் போகுமுன் இமையை இழுத்துப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேசாகச் சிவப்பு ஊறியது. தாடை வீக்கம் வடிந்தது. ஒருநாள் அது என் பாவாடை நாடாவைத் தின்றுவிட்டது. அன்று நான் அழுதே விட்டேன், சந்தோஷத்தில்.

பண்டிகை வந்தது, டாக்டர் சொன்ன கெடு மட்டும் முடியவில்லை. செவ்வந்தி மாலையோடு நின்ற கிடாவுக்கு ஏலம் சூடாகத்தான் ஆரம்பித்தது. வருடா வருடம் வருகிற கறிக்கடை பாயும், வீட்டு விருந்துக்கு ஆடு தேடியவர்களும் போட்டி போட்டார்கள். நடுவில் அம்மா எழுந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இதுக்குப் பூச்சி மருந்து குடுத்திருக்கு. அடுத்த மாசம் பொறக்கிற வரைக்கும் வெட்டக் கூடாது."

கூட்டம் முணுமுணுத்தது. நோய் ஆடாம் என்று ஒருவர், விஷம் கொடுத்த ஆடாம் என்று இன்னொருவர். ஏலம் விட்ட கமிட்டி ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இத இப்ப சொல்லணுமாம்மா? நல்லா போய்ட்டிருந்த ஏலம். சும்மா உக்காரு."

"கோயிலுக்குக் குடுக்கறது ஐயா. மறச்சு குடுத்தா குடுத்ததா ஆவுமா?"

அவள் உட்காரவில்லை. ஒவ்வொருவராக ஒதுங்க, நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். யாரும் எடுக்காவிட்டால் நேர்ந்தது நிறைவேறாது, நான் அவ்வளவுதான். பெற்ற தாயே என்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று அந்த நேரம் அவள்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கடைசியில் கறிக்கடை பாய் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "நான் கேட்ட ரேட்டுக்கு மேல தரமாட்டேன். ஆனா எடுத்துக்கறேன். கட்டிப்போட்டு தீனி போடறேன், கெடு முடியட்டும்" என்றார்.

சொன்னபடியே வைத்திருந்தார். புது மாதம் பிறந்து ஒரு மாலை பள்ளி விட்டு வரும்போது அவர் கடைப் பக்கம் பார்த்தேன். முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. கோயிலுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று எனக்குள் சொல்லிப் பார்த்தும் பயம் போகவில்லை. நான் வீட்டுக்கு வந்து, பாயை விரித்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காய்ச்சலுக்காகக் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த அம்மா கழுத்தில் கைவைத்துப் பார்த்து, "இன்னாடி?" என்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆடு நன்றிக்குக் குடுத்தது. உனக்குப் பதிலா இல்ல. அது செத்தா உனக்கு இன்னா ஆவும்? உன் காய்ச்ச மருந்த கசக்குதுன்னு துப்புவே, மூக்கப் புடிச்சு ஊத்துனேன். டாக்டரு சொன்ன நாளு முடியற வரைக்கும் ஒரு வேள விட்டதில்ல. அப்டி பொழச்சவ நீ. எழுந்து சாப்பிடு."

எழுந்து சாப்பிட்டேன். நன்றாகவே பசித்தது.

இப்போது அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கவரில் வருகிறது. ஏலத்தில் கேக்கும் பூசணியும் உண்டு, ஆடு கட்ட இடமில்லை. நாங்கள் மேய்த்த புறம்போக்கைச் சுற்றி ஒரு கம்பெனியின் மதில் நிற்கிறது. அம்மா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆட்டு மருந்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போதெல்லாம் அவளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நான் இன்றும் ஆடு வளர்க்கிறேன். போன வாரம் விருந்துக்குக் கிடா கேட்டு ஒருவர் வந்தார். மருந்து கொடுத்திருக்கிறேன், கெடு முடியவில்லை என்றேன். "நல்ல வேள சொன்னீங்க, வேற யாராச்சும்னா சொல்லிருக்க மாட்டாங்க" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, அடுத்த தெருவில் ஒன்றுமே சொல்லாத ஒருவரிடம் ஆடு பிடித்துக்கொண்டு போனார். என் கிடா இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.